பழைய போர்ட்டலுக்குப் பதிலாக எதைக் கொண்டுவருவது?

முதலில் கேள்வி. ஒரு நிறுவனத்தில் 2010-களின் தொடக்கத்தில் கட்டிய உள் போர்ட்டல் இன்னும் ஓடுகிறது. எல்லாம் ஜாவா போர்ட்லெட்கள், அதாவது பக்கத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும் சிறு செயலிகள். விடுப்பு, சம்பளச் சீட்டு, கொள்முதல் ஒப்புதல், சுற்றறிக்கைகள், ஆவணங்கள் என்று அத்தனையும் அதற்குள்தான். அதை மாற்ற நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. டிஜிட்டல் எக்ஸ்பீரியன்ஸ் பிளாட்ஃபார்ம் (டிஎக்ஸ்பி, அதாவது இணையதளங்களையும் போர்ட்டல்களையும் கட்டுவதற்கான ஆயத்தப் பொருள்) ஒன்றை வாங்குவதா, மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட்டுக்குப் போவதா, திரைகளை எழுத உதவும் ரியாக்ட்டில் நாமே எழுதுவதா, அல்லது ஏஐ உதவியாளர் வந்துவிட்டதால் போர்ட்டலே வேண்டாமா? இந்தத் துறை எந்தப் பக்கம் போகிறது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையை எதில் செய்வது என்பது இந்த முடிவுகளில் மிகச் சிறியது. அது எப்படியும் ஐந்தாறு வருஷத்தில் மாறும். மாறாமல் நிற்பவை வேறு: உள்ளே வருபவர் யார், அவர் எதைப் பார்க்கலாம், பின்னால் இருக்கும் அமைப்புகள் எந்த ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) வழியாக, என்ன உத்தரவாதத்தோடு பேசும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் திரையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். சரியில்லை என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இரண்டாம் வருஷமே பழைய போர்ட்டலை நினைத்து ஏங்குவீர்கள்.

இதற்குச் சான்று இந்தத் துறையின் வரலாறுதான். 1996-ல் மை யாஹூ வந்தது. வானிலை, பங்கு விலை, செய்தி எல்லாம் ஒரே பக்கத்தில், அவரவர் விருப்பப்படி. அலுவலகத் தகவலுக்கும் இப்படி ஒரு பக்கம் இருந்தால் என்ன என்ற யோசனை பலருக்கும் வந்தது. 1998 நவம்பரில் மெரில் லிஞ்ச் ஆய்வாளர்கள் அதற்கு 'என்டர்பிரைஸ் இன்ஃபர்மேஷன் போர்ட்டல்' என்று பெயர் வைத்து அறிக்கை வெளியிட, சந்தை சூடு பிடித்தது. பிறகு ஒருவரை ஒருவர் வாங்குவது தொடங்கியது. டாப்டியர் என்ற போர்ட்டல் நிறுவனத்தை எஸ்.ஏ.பி. 2001-ல் சுமார் 400 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அந்தக் காலத்தின் முன்னணிப் பெயரான பிளம்ட்ரீயை பி.இ.ஏ. 2005-ல் வாங்கியது. அந்த பி.இ.ஏ.வையே ஆரக்கிள் 2008-ல் 8.5 பில்லியன் டாலருக்கு வாங்கியது. ஐபிஎம்மின் வெப்ஸ்பியர் போர்ட்டல் 2019-ல் எச்.சி.எல். கைக்குப் போனது. பிளம்ட்ரீயை நம்பிக் கட்டியவர்கள் மூன்றே வருஷத்தில் இரண்டு புதிய முதலாளிகளைப் பார்த்தார்கள். ஆய்வு நிறுவனமான கார்ட்னர் தன் ஒப்பீட்டு அறிக்கைகளில் 'ஹாரிசான்டல் போர்ட்டல்' (பொதுப் பயன் போர்ட்டல்) என்ற பிரிவையே கைவிட்டு, 2018-ல் டிஎக்ஸ்பி என்ற புதிய பிரிவைத் தொடங்கியது. பெயரும் முதலாளியும் இந்த வேகத்தில் மாறும் இடத்தில், உங்கள் தொழில் விதிகளை அந்தப் பொருளுக்குள் எழுதி வைப்பது ஆபத்து.

தரநிலை இருந்தால் காப்பாற்றும் என்று அப்போது நம்பினோம். அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. 2003-ல் ஜாவா போர்ட்லெட்களுக்கான தரநிலையாக ஜேஎஸ்ஆர் 168 வந்தது. ஒரு போர்ட்லெட்டை ஒருமுறை எழுதினால் எந்தப் போர்ட்டலிலும் ஓடும் என்பது வாக்குறுதி. அதே வருஷம் ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பிலிருந்து டபிள்யூஎஸ்ஆர்பி வந்தது. வேறொரு சர்வரில் ஓடும் போர்ட்லெட்டின் எச்டிஎம்எல்லை சோப் என்ற நெறிமுறை வழியாக வாங்கி உங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒரு போர்ட்லெட்டில் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்துப் போர்ட்லெட்டில் அவருடைய ஆர்டர்கள் வர வேண்டும் என்றால், அதற்கு ஜேஎஸ்ஆர் 168-ல் ஒழுங்கான வழி இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு நீட்டிப்பு வைத்தது. எல்லோரும் அதைப் பயன்படுத்தினார்கள். அதோடு 'எங்கும் ஓடும்' என்பது போயிற்று. 2008-ல் ஜேஎஸ்ஆர் 286 அதைச் சரிசெய்தபோது வேலை ஏற்கெனவே சர்வரிலிருந்து பிரவுசருக்கு நகரத் தொடங்கியிருந்தது. மூன்றாம் பதிப்பான ஜேஎஸ்ஆர் 362 வந்தது 2017-ல். அதற்குள் புதிதாகப் போர்ட்லெட் எழுதுபவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இன்று மைக்ரோ ஃப்ரன்ட்எண்ட் என்று பேசும்போது இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். பல குழுக்கள் தனித்தனியே எழுதிய துண்டுகளை ஒரே பக்கத்தில் சேர்ப்பது, ஒவ்வொன்றையும் தனியாக வெளியிடுவது. போர்ட்லெட் தீர்க்க நினைத்த அதே கணக்கு. இடம்தான் மாறியிருக்கிறது, சர்வரில் நடந்த சேர்க்கை இப்போது பிரவுசரில் நடக்கிறது. 2020 அக்டோபரில் வெப்பேக் என்ற தொகுப்புக் கருவியின் 5-ஆம் பதிப்போடு வந்த மாட்யூல் ஃபெடரேஷன் இதைக் கைக்கு எளிதாக்கியது. அன்றைக்கு வந்த தலைவலிகளும் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்துவிட்டன. துண்டுகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசும்? எல்லோரும் பகிரும் நிரல் நூலகத்தின் பதிப்பு ஒரு குழுவில் 17, இன்னொரு குழுவில் 18 என்றால்? தோற்றம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதற்காக ஜேஎஸ்ஆர் 168-ன் பின்னிணைப்பில் சிஎஸ்எஸ் பெயர்ப் பட்டியல் ஒன்று இருந்தது. இன்று அந்த வேலையை டிசைன் டோக்கன்கள் (நிறம், எழுத்துரு, இடைவெளி போன்றவற்றுக்கான பொது மதிப்புகள்) செய்கின்றன. மைக்ரோ ஃப்ரன்ட்எண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான்கைந்து குழுக்கள் உண்மையிலேயே தனித்தனிக் காலக்கெடுவில் வெளியிடுகின்றன என்றால் அது பலன் தரும். எட்டுப் பேர் கொண்ட ஒரே குழு என்றால் தேவையே இல்லை. ஒரே செயலியாக எழுதி, உள்ளே ஒழுங்காகப் பிரித்து வைத்தால் போதும்.

துறையில் நான் பார்க்கும் நல்ல மாற்றம் வேறொன்று: வாடிக்கையாளர் எழுதும் கோடு (நிரல்), வாங்கிய பொருளின் வயிற்றுக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது. ஷேர்பாயின்ட்டையே பாருங்கள். 2007 பதிப்பில் உங்கள் கோடு சர்வருக்குள்ளேயே முழு அதிகாரத்தோடு ஓடியது. 2010-ல் கட்டுப்பாடுகளோடு ஓடும் சேண்ட்பாக்ஸ், 2013-ல் சர்வருக்கு வெளியே ஓடும் ஆட்-இன், 2017-ல் முழுக்க பிரவுசரில் ஓடும் ஷேர்பாயின்ட் ஃபிரேம்வொர்க். ஆன்லைன் பதிப்பில் ஆட்-இன் முறைக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த கடைசி நாள் 2026 ஏப்ரல் 2. பத்தே வருஷத்தில் நான்கு முறைகள்; ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து திரும்ப எழுதியிருக்கிறார். லைஃப்ரே என்ற போர்ட்டல் பொருளும் இதே வழியில்தான் போகிறது. முன்பு உள்ளே மாட்யூலாகச் செருகியதை இப்போது வெளியே தனியாக ஓடும் நீட்டிப்பாக எழுதச் சொல்கிறார்கள், உள்ளடக்கத்தை ரெஸ்ட் அல்லது கிராஃப்க்யூஎல் வகை ஏபிஐ வழியாக எடுத்துக்கொள்ளலாம். விற்பவர்களே இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். நீங்களும் அதற்கு ஏற்றபடி கட்டுங்கள்: விடுப்புக் கணக்கீடு, ஒப்புதல் வரம்பு, விலை விதி போன்றவை போர்ட்டலுக்குள் ஒரு வரிகூட இருக்கக் கூடாது.

இனி ஒருங்கிணைப்பு. இங்கே ஒரே ஒரு டைலை நெருங்கிப் பார்க்கலாம்: முகப்புப் பக்கத்தில் 'மீதமுள்ள விடுப்பு: 11' என்று காட்டும் சின்னக் கட்டம்.

இந்த 11 எங்கிருந்து வருகிறது? மனிதவள அமைப்பிலிருந்து. அதற்கு நல்ல ஏபிஐ இருக்கலாம். இல்லையென்றால் இரவு ஒருமுறை வந்து விழும் ஒரு கோப்பு மட்டும் இருக்கலாம். நான் வேலை செய்த ஓர் இடத்தில், முகப்புப் பக்கத்தில் பதினான்கு போர்ட்லெட்கள் இருந்தன. பக்கம் முழுவதும் சர்வரில் தயாராகித்தான் வெளியே வரும். திங்கட்கிழமை காலை எல்லோரும் ஒரே நேரத்தில் லாகின் செய்வார்கள். மனிதவள அமைப்பு திணறும். அந்த ஒரு போர்ட்லெட் பதிலுக்காகக் காத்திருக்கும். அதற்குக் காலவரம்பு எதுவும் வைக்கவில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு கோரிக்கையும் சர்வரில் ஒரு த்ரெட்டை, அதாவது கோரிக்கையைக் கவனிக்கும் ஒரு வேலையாளை, பிடித்து வைத்துக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் த்ரெட்கள் தீர்ந்துபோய், விடுப்போடு சம்பந்தமே இல்லாத கொள்முதல் ஒப்புதலும் விழுந்துவிடும். பல வாரங்கள் நாங்கள் சர்வருக்கு மெமரி கூட்டிக்கொண்டே இருந்தோம். கடைசியில் அந்த அழைப்புக்கு இரண்டு வினாடி வரம்பு வைத்து, தனி த்ரெட் குழுவில் போட்டபோதுதான் பிரச்சினை தீர்ந்தது.

தீர்ந்தது என்று நினைத்தோம். மறுவாரம் மனிதவளத் துறைக்குத் தொலைபேசி ஓயவில்லை. வரம்பு தாண்டியதும் பதில் வெறுமையாக வந்தது. திரைக்கான கோடு அந்த வெறுமையை 0 என்று காட்டியது. மகப்பேறு விடுப்புக்கு நாள் கணக்குப் போட்டு வைத்திருந்த ஒருவர் 'மீதமுள்ள விடுப்பு: 0' என்று பார்த்துவிட்டு அழுதபடி கூப்பிட்டிருக்கிறார். அவருடைய விடுப்பு ஒரு நாள்கூடக் குறையவில்லை. 'தெரியவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல என்று எங்கள் மென்பொருளுக்கு நாங்கள் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் எழுதும் ஒவ்வொரு டைலுக்கும் நான்கு நிலைகள் கட்டாயம்: சரியான மதிப்பு, பழைய மதிப்பு அதன் நேரத்தோடு, இப்போது கிடைக்கவில்லை, உங்களுக்கு அனுமதி இல்லை. விற்பனையாளர் டெமோ காட்டும்போது முதல் நிலை மட்டும்தான் தெரியும். மற்ற மூன்றையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த ஒரு டைலே பெரிய போக்கையும் விளக்கிவிடும். 2000-களில் பதில் என்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ்: எல்லாம் நடுவில் ஒரு குழாய் வழியாகப் போகட்டும், மாற்றங்களை அங்கே செய்துகொள்ளலாம். நாளடைவில் தொழில் விதிகளெல்லாம் அந்தக் குழாய்க்குள் குடியேறின. அதைத் தொட யாருக்கும் தைரியம் இல்லாமல் போனது. அதற்கு அடுத்து ஏபிஐ கேட்வே காலம்: ஏபிஐ அழைப்புகள் எல்லாம் கடந்துபோகும் ஒரு வாசல். கூகுள் 2016-ல் ஆப்பிஜியை சுமார் 625 மில்லியன் டாலருக்கும், சேல்ஸ்ஃபோர்ஸ் 2018-ல் மியூல்சாஃப்டை சுமார் 6.5 பில்லியன் டாலருக்கும் வாங்கின. இணைப்பு வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இந்தத் தொகைகளே சொல்கின்றன. கேட்வே நல்லதுதான், ஆனால் அதன் வேலை அடையாளச் சரிபார்ப்பு, வேகவரம்பு, பதிவு இவற்றோடு நிற்கட்டும். விதிகளை அதற்குள் எழுதினால் பழைய பஸ்ஸையே வேறு பெயரில் கட்டுகிறீர்கள்.

மூன்றாவது வழி நிகழ்வுகள். லிங்க்ட்இன்னில் பிறந்து 2011-ல் திறந்த மூலமாக வெளிவந்த காஃப்கா என்ற செய்தி கடத்தும் மென்பொருள் இதைப் பரவலாக்கியது. விடுப்பு மாறும்போதெல்லாம் மனிதவள அமைப்பு ஒரு செய்தி அனுப்பும். போர்ட்டல் தன்னிடம் ஒரு நகலை வைத்துக்கொள்ளும். திங்கட்கிழமை காலை எல்லோரும் நகலைத்தான் படிப்பார்கள், மூலத்தை யாரும் தொட மாட்டார்கள். நகல் சில வினாடிகள் பழையதாக இருக்கலாம்; விடுப்பு மீதிக்கு அது பரவாயில்லை. ஆனால் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் கணத்தில் மூலத்தைக் கேட்டே ஆக வேண்டும். படிப்பதற்கு நகல், எழுதுவதற்கு மூலம் என்று ஒவ்வொரு டைலுக்கும் பிரித்து எழுதி வையுங்கள். காஃப்கா இல்லாமல் சாதாரணச் செய்தி வரிசையை (மெசேஜ் க்யூ) வைத்தும் இதைச் செய்யலாம்.

அடையாளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அது ஓரளவு தீர்ந்துவிட்ட விஷயம். ஒரே லாகினில் நுழைய, பழைய அமைப்புகளுக்கு 2005-ன் சாம்ல் 2.0, புதியவற்றுக்கு 2014-ன் ஓப்பன்ஐடி கனெக்ட், கணக்குகளை உருவாக்கவும் நீக்கவும் ஸ்கிம். எதை வாங்கினாலும் இந்த மூன்றும் கூடுதல் கட்டணம் இல்லாமல் இருக்கிறதா என்று ஒப்பந்தத்திலேயே பாருங்கள். ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். பழைய போர்ட்டலில் பல 'ஒருங்கிணைப்புகள்' உண்மையில் ஐஃப்ரேம்கள்தான். வேறொரு அமைப்பின் பக்கத்தை அப்படியே கட்டம்போட்டுக் காட்டுவது. 2020 பிப்ரவரியில் குரோம் 80 குக்கீகளுக்கு சேம்சைட் விதியை (வேறு தளத்தின் பக்கத்துக்குள் குக்கீ போகாமல் தடுப்பது) இயல்பாக்கத் தொடங்கியது. அடுத்த மாதம் சஃபாரி மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுக்கத் தடுத்தது. வேறு டொமைனில் இருக்கும் அமைப்பு ஐஃப்ரேமுக்குள் லாகின் கேட்டுக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். புதிய போர்ட்டலுக்கு ஐஃப்ரேம்களை அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம் என்று யாராவது திட்டத்தில் எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். நேரே அந்த அமைப்புக்கு இணைப்பு கொடுப்பது அதைவிட நேர்மையானது.

அப்புறம் ஏஐ. இனிமேல் போர்ட்டல் எதற்கு, உதவியாளரிடம் கேட்டால் சொல்லிவிடுமே என்கிறார்கள். தேடலுக்கும் 'இந்தப் படிவம் எங்கே' வகைக் கேள்விகளுக்கும் அது உண்மையிலேயே நல்லது. பத்து வருஷமாகச் சரிசெய்ய முடியாத மெனுக்களை விட மேல். ஆனால் உதவியாளர் உங்கள் அனுமதிகளை அப்படியே வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். எட்டு வருஷத்துக்கு முன் யாரோ அவசரத்தில் 'எல்லோருக்கும்' என்று பகிர்ந்த ஒரு ஃபோல்டரில் ஊதியப் பட்டியல் கிடக்கும். அதன் முகவரி யாருக்கும் தெரியாததால் இதுவரை ரகசியமாக இருந்தது. உதவியாளருக்கு முகவரி தேவையில்லை. 'எங்கள் பிரிவில் சராசரி ஊதியம் என்ன' என்று கேட்டால் போதும். 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் பொதுவில் வந்தபோது பல நிறுவனங்களைத் தயங்க வைத்தது இந்த அச்சம்தான். அடுத்த வருஷமே தேடலை அதிகபட்சம் 100 தளங்களுக்குள் கட்டுப்படுத்தும் ஒரு வசதியை மைக்ரோசாஃப்ட் கொடுக்க வேண்டியிருந்தது.

உதவியாளர் வெறுமனே பதில் சொல்வதோடு நிற்காமல் விடுப்புப் போடவும் ஆர்டரை ஒப்புதல் செய்யவும் தொடங்கினால் இன்னொரு கேள்வி வருகிறது: அது யாருடைய பெயரில் செயல்படுகிறது? கருவிகளை மாடல்களோடு இணைக்க ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை வேகமாகப் பரவியிருக்கிறது; இணைப்பது இப்போது அரைநாள் வேலை. அந்த அரைநாளில் பலரும் எல்லா அதிகாரமும் உள்ள ஒரு சர்வீஸ் கணக்கை (ஆளுக்கு அல்லாமல் மென்பொருளுக்கான கணக்கு) கொடுத்துவிடுகிறார்கள். அப்படியானால் கேட்பவர் யாராக இருந்தாலும் உதவியாளர் எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியின் கண்ணால் பார்க்கும். கேட்பவருடைய டோக்கனை (அவர் யார் என்று காட்டும் மின் அடையாளச் சீட்டு) மாற்றி வாங்கி, அவருடைய அனுமதிக்குள் மட்டும் செயல்பட வைக்க வேண்டும். அனுமதி வழங்குவதற்கான ஓஆத் நெறிமுறையில் டோக்கன் எக்ஸ்சேஞ்ச் என்ற வழி 2020-லேயே தரநிலையாகிவிட்டது. இதை ஆரம்பத்தில் செய்வது எளிது, பிறகு செய்வது கடினம்.

சரி, எதை எடுப்பது? மைக்ரோசாஃப்ட் 365 ஏற்கெனவே இருக்கிறது, தேவையில் பெரும்பகுதி ஆவணமும் அறிவிப்பும் தேடலும் என்றால் ஷேர்பாயின்ட் ஆன்லைனுக்குப் போங்கள். நீங்களாக எழுதும் கோடு குறைவாக இருக்கட்டும். டிஎக்ஸ்பி பெரும்பாலும் வெளி வாடிக்கையாளருக்கான சந்தைப்படுத்தலுக்காகக் கட்டப்பட்டது. உங்கள் ஊழியர்களுக்கு ஏ/பி சோதனையும் தனிப்பயன் விளம்பரமும் தேவைப்படாது. டீலர்களும் சப்ளையர்களும் உள்ளே வந்து வேலை செய்யும் தளமும் சேர்த்து வேண்டும் என்றால் மட்டும் அதற்குக் காசு கொடுக்கலாம். நாமே எழுதுவது, அதை அடுத்த ஐந்து வருஷம் பராமரிக்க நிலையான குழு இருந்தால் மட்டும். சொந்த சர்வரில் வைத்துக்கொள்வதாக இருந்தால் பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) போடும் ஒழுங்கும் சேர்ந்தே வர வேண்டும். 2025 ஜூலையில் சொந்த சர்வர்களில் ஓடிய ஷேர்பாயின்ட்கள் உலகம் முழுவதும் தாக்கப்பட்டன. பேட்ச் போட்டதோடு மெஷின் கீகளையும் (சர்வரின் ரகசியச் சாவிகள்) மாற்ற வேண்டியிருந்தது, மாற்றாத இடங்களுக்கு, திருடிய சாவியை வைத்து மீண்டும் நுழைய முடிந்தது. இணையத்துக்குத் திறந்திருக்கும் போர்ட்டல் என்பது உங்கள் வீட்டின் தலைவாசல்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பழைய போர்ட்டலின் ஆறு மாத லாகை (பயன்பாட்டுப் பதிவு) எடுத்து, எந்தப் போர்ட்லெட்டை எத்தனை பேர் திறந்தார்கள் என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் தரவு எங்கிருந்து வருகிறது, யார் பொறுப்பு, எத்தனை வினாடி வரை காத்திருக்கலாம் என்று எழுதுங்கள். பொறுப்பாளர் பெயர் காலியாக இருப்பவை நிறைய வரும். அவற்றை நிறுத்திப் பார்த்து யாராவது கேட்கிறார்களா என்று காத்திருங்கள். பிறகு கொள்முதல் ஒப்புதல் மாதிரி ஒரே ஒரு பாதையை முழுக்கப் புதிய இடத்தில் கட்டி, மற்றதெல்லாம் பழையதில் ஓட விடுங்கள். முன்னால் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸி (கோரிக்கைகளை உரிய சர்வருக்குத் திருப்பிவிடும் இடைச் சர்வர்) வைத்தால் பயனருக்கு எது பழையது எது புதியது என்று தெரியாமலேயே ஒவ்வொன்றாக நகர்த்தலாம். பழைய முகவரிகளைக் குறைந்தது ஒரு வருஷமாவது புதியவற்றுக்குத் திருப்பிவிடுங்கள். பல ஊழியர்கள் போர்ட்டலுக்கு முகப்பு வழியாக வருவதில்லை, மூன்று வருஷத்துக்கு முன் வந்த ஒரு மின்னஞ்சலைத் தேடி எடுத்து அதிலிருக்கும் இணைப்பைத்தான் அழுத்துகிறார்கள்.